அடைபட்ட கதவுகளைத் திறந்த ஆசிரியை



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னும், ஆலய முகப்பில் ஓர் இளம் பெண் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த அவருடைய கணவர் சாலை விபத்தில் இறந்து நாற்பது நாட்களே ஆகியிருந்தன. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. உடன் வந்திருந்த தாய் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நான் ஊருக்கே போயிடுறேன். மாமியார் வீட்டுல ஒரு மூலையில கிடந்துட்டுப் போறேன். எனக்கு இனிமே என்ன இருக்கு?" என்றார் அந்தப் பெண்.

திருமணத்திற்காகக் கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தியவர் அவர் என்பது எனக்குத் தெரியும். கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை. ஆயினும் அன்று அவர் வாயிலிருந்து வந்த "மூலை" என்ற அந்த ஒரு சொல் என்னைச் சுட்டது. கைம்பெண்ணை வீட்டின் மூலையில் உட்கார வைப்பது இந்நாட்டில் ஒரு காலத்தில் எழுதப்படாத சட்டமாக இருந்தது. அந்த மூலையிலிருந்து எழுந்து வந்து, தம்மைப் போன்ற எண்ணற்ற பெண்களையும் கைபிடித்து எழுப்பிய ஒருவரின் வரலாற்றை அன்று அவருக்குச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். சகோதரி சுப்பலட்சுமி அம்மையார் என்பது அவர் பெயர்.

மூலையும் புத்தகமும்

சுப்பலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய அய்யர், தாய் விசாலாட்சி. தஞ்சைத் தரணியைப் பூர்வீகமாகக் கொண்ட, ஆசாரம் மிகுந்த குடும்பம். குழந்தையோ படிப்பில் சுடர் விட்டது. ஒன்பது வயதில், நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கற்பட்டு வட்டாரத்திலேயே முதலிடம் பெற்றது.

அக்கால வழக்கப்படி, பதினொரு வயதளவில் அச்சிறுமிக்குத் திருமணம் செய்து வைத்தனர். சிறிது காலத்திற்குள் அந்தச் சிறு வயதுக் கணவர் இறந்துபோனார். இல்லறம் என்றால் என்னவென்றே அறியாத சிறுமி கைம்பெண் ஆனாள்.

அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதை ஊரார் நன்கு அறிவர். தலைமுடியை மழிக்க வேண்டும். வண்ணச் சேலையும் நகையும் களைய வேண்டும். நல்ல காரியங்களில் முகம் காட்டக் கூடாது. ஒருவேளைச் சோற்றை உண்டு, பிறர் ஏச்சைக் கேட்டு, சாகும்வரை அடுப்பங்கரையில் உழைக்க வேண்டும். இப்படிச் சிறு வயதிலேயே வாழ்வு முடக்கப்பட்ட பெண் குழந்தைகள் அன்று சென்னை மாகாணத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

சுப்பலட்சுமியின் பெற்றோர் வேறு வழியைத் தேர்ந்தனர். மகளின் தலையை மழிக்க அவர்கள் ஒப்பவில்லை. அவள் கையில் மீண்டும் புத்தகத்தைக் கொடுத்தனர். இளமையிலேயே கணவனை இழந்து அவ்வீட்டில் வாழ்ந்த சித்தி வாலாம்பாளும் அதற்குத் துணை நின்றார். தாம் இழந்தது இன்னதென அறிந்த அந்த அம்மாள், அது தம் அக்காள் மகளுக்கும் நேரக்கூடாது எனக் கருதினார் போலும். உறவினர் பழித்தனர், ஊரார் வம்பு பேசினர். அந்த வீட்டார் அசையவில்லை.

பின்னாளில் நூற்றுக்கணக்கானோருக்கு நிழல் தந்த மரம் இந்த ஒரு வீட்டின் துணிவில்தான் வேர் விட்டது. பெற்றோர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கன்னியர் பள்ளியில்

1842-ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டிலிருந்து கடல் கடந்து சென்னைக்கு வந்தவர்கள் பிரசென்டேஷன் சபைக் கன்னியர். பெண் குழந்தைகளின் கல்விக்காகவே தங்களைக் கையளித்தவர்கள். அவர்கள் நடத்திய பள்ளியில் சுப்பலட்சுமி பயின்றார். ஆசாரமான வீட்டுக் கைம்பெண்ணைக் கிறிஸ்தவக் கன்னியரின் பள்ளிக்கு அனுப்புவதா என்று எழுந்த கூச்சலையும் தந்தையார் பொறுத்துக்கொண்டார்.

அந்தப் பள்ளியில் அவர் பாடங்களுக்கு அப்பாலும் ஒன்றைக் கண்டார். திருமணம் செய்துகொள்ளாத பெண்கள் மகிழ்ச்சியாக வாழ முடியும். பிறர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக எண்ணி உழைக்க முடியும். ஊரார் அவர்களை இகழாமல் மதிப்பர். கணவன் இல்லாத பெண்ணின் வாழ்வு வீணானது என்று மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு சிறுமிக்கு இது எத்தகைய கண்திறப்பாக இருந்திருக்கும்! தம் வாழ்நாளையும் பணிக்கே அளிப்பது என்ற உறுதி அவருள் முளைத்தது. பின்னாளில் மக்கள் அவரை அன்போடு "சகோதரி" என்றே அழைத்தனர்.

அவர் தம் சமயத்தை விட்டு விலகவில்லை. இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். கன்னியரும் தாங்கள் கற்பித்த கல்விக்கு விலை கேட்கவில்லை. நல்ல ஆசிரியர் விதைக்கும் விதை எந்த நிலத்தில், எந்தப் பெயரில் கதிர் விடும் என்பதை விதைப்பவர் அறிவதில்லை. நம் பள்ளிகளில் பணிபுரியும் அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் இது பெரும் ஆறுதல் அல்லவா?

பின்னர் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆண்கள் நிறைந்த கல்லூரியில் விரல் விட்டு எண்ணத்தக்க பெண்களே இருந்த காலம் அது. 1911-ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறிப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே.

எழும்பூர் வீட்டில் பிறந்த இல்லம்

பட்டம் பெற்ற பெண்ணுக்கு நல்ல வேலையும் ஊதியமும் காத்திருந்தன. தம் குடும்பத்தோடு அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் மனமோ மூலைகளில் கிடந்த மற்றச் சிறுமிகளை நோக்கியே சென்றது.

அப்போது சென்னையில் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தவர் மிஸ் லிஞ்ச் என்னும் அம்மையார். பெண்களுக்குப் பள்ளி திறந்தாலும் கற்பிக்கப் பெண் ஆசிரியர் கிடைக்கவில்லை என்பது அவருடைய கவலை. ஆண் ஆசிரியரிடம் வயது வந்த மகளை அனுப்பப் பெற்றோர் மறுத்தனர். திருமணமான பெண்களை வேலைக்கு அனுப்பக் கணவர் வீட்டார் மறுத்தனர். மறுபுறம், செய்வதற்கு ஒன்றும் இன்றி இளம் கைம்பெண்கள் வீடுகளில் வாடிக்கொண்டிருந்தனர்.

இவ்விரு துன்பங்களும் ஒன்றுக்கொன்று மருந்தாகும் என்பதை அவ்விருவரும் கண்டனர். கைம்பெண்களைப் படிக்க வைத்து ஆசிரியைகள் ஆக்கினால், அவர்களுக்கு வாழ்வு கிடைக்கும். ஊர்ப் பெண் குழந்தைகளுக்குக் கல்வி கிடைக்கும். இரக்கத்தோடு இத்தகைய தெளிவும் சேர்ந்ததால்தான் அம்முயற்சி நிலைத்தது. வெறும் அனுதாபம் கண்ணீரோடு நின்றுவிடும்.

1912-இல் சுப்பலட்சுமி அம்மையார் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். பெண்கள் கூடி உரை கேட்கவும், சமுதாயக் கேடுகளைப் பற்றி விவாதிக்கவும், இளம் கைம்பெண்களின் கல்விக்கு நிதி திரட்டவும் அது களமாயிற்று. எழும்பூரில் தந்தையின் வீட்டிலேயே மிகச் சிலரோடு சாரதா இல்லம் உருவாயிற்று. இதற்கு முன்னரே மேற்கு இந்தியாவில் பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயிலும், கார்வே 1896-இல் புனேயிலும் இத்தகைய முயற்சிகளைத் தொடங்கியிருந்தனர். தமிழ் மண்ணில் அவ்வழியைத் திறந்தவர் இவர்.

அங்கு வந்த சிறுமிகளை எண்ணிப் பாருங்கள். சிலருக்கு எழுத்தே தெரியாது. சிலர் தம்மைப் பாவிகள் என்றே நம்பினர். கணவன் இறந்தது தம் முற்பிறவிக் குற்றம் எனச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். அவர்களுக்கு அகரம் கற்பிக்கும் முன், நிமிர்ந்து நிற்கக் கற்பிக்க வேண்டியிருந்தது. அம்மையார் அவர்களுக்கு ஆசிரியையாக மட்டுமின்றித் தாயாகவும் தமக்கையாகவும் இருந்தார். சித்தி வாலாம்பாள் இல்லத்தின் வீட்டுப் பொறுப்பைத் தாங்கினார்.

பனிக்கட்டி மாளிகை

சென்னைக் கடற்கரைச் சாலையில் வட்ட வடிவமான ஒரு பழைய கட்டிடத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். பூவிருந்தவல்லி குருமடத்தில் பயின்ற நாட்களில், விடுமுறைக்குக் கடற்கரை சென்றபோதெல்லாம் அதைக் கண்டிருக்கிறேன். அதன் வரலாற்றைப் பின்னரே அறிந்தேன்.

அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-இல் எழுந்த கட்டிடம் அது. ஆகவே ஐஸ் ஹவுஸ் என்று பெயர். பிற்பாடு தனியார் இல்லமாயிற்று. 1897-இல் விவேகானந்தர் அங்குத் தங்கினார். 1917-இல் அரசு அதனை வாங்கியது. சாரதா இல்லத்துப் பெண்கள் அங்குக் குடியேறினர். பனிக்கட்டி உறங்கிய அறைகளில் பாடம் ஒப்பிக்கும் குரல்கள் எழுந்தன. உறைந்து கிடந்த வாழ்வுகள் அங்கே உருகி ஓடத் தொடங்கின என்றால் மிகையாகாது.

கைம்பெண்களைக் கூட்டி வைத்த அம்மாளிகையைக் கடந்து செல்வதே அபசகுனம் என்று எண்ணியோரும் அந்நாளில் இருந்திருப்பர். அதே கட்டிடத்திலிருந்து, சேலையை ஒழுங்காக உடுத்திப் புத்தகங்களை ஏந்தி இளம் பெண்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றனர்.

கட்டிடத்தின் அருகே நடுக்குப்பம் மீனவர் குடியிருப்பு. அக்குழந்தைகள் எழுத்தறிவின்றித் திரிவதைக் கண்ட அம்மையார், அவர்களுக்கும் ஒரு பள்ளி அமையச் செய்தார். தம் துன்பத்தில் பிறந்த இரக்கத்தை அவர் தம்மைப் போன்றவர்க்கு மட்டும் என்று சுருக்கிவைக்கவில்லை.

ஆசிரியைகளை உருவாக்கிய முதல்வர்

1920-இல் ஆங்கில அரசு அவருடைய பொதுப்பணிக்காகக் கெய்சர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் வழங்கியது. 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வராக அமர்ந்தவரும் அவரே. பயிற்சி பெறுவோர் கற்பித்துப் பழக, மாதிரிப் பள்ளி ஒன்றும் உடன் இயங்கியது.

ஒரு பள்ளியை நடத்துபவர் சில நூறு குழந்தைகளுக்கு ஒளி தருகிறார். ஆசிரியர்களை உருவாக்குபவரோ, தாம் ஒருபோதும் காணாத ஊர்களிலும் விளக்கேற்றுகிறார். அம்மையாரின் கைகளில் பயிற்சி பெற்ற பெண்கள் மாகாணமெங்கும் சென்றனர். நேற்றுவரை "இவள் முகத்தில் விழிக்கலாமா?" என்று கேட்கப்பட்டவர்களை, இன்று காலையில் எழுந்து நின்று "வணக்கம் டீச்சர்" என்று குழந்தைகள் வரவேற்றனர். இதைவிட அமைதியான புரட்சி வேறு உண்டோ?

அரசுப் பணியில் இருந்ததால், 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தில் அவர் முறைப்படி உறுப்பினராக இயலவில்லை. எனினும் குழந்தை மணத்தை ஒழிக்கும் இயக்கத்திற்கு உறுதுணையாக நின்றார். அதைக் குறித்து ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன் தோன்றிச் சாட்சியம் அளித்தார். 1929-இல் குழந்தை மணத் தடைச் சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று அது திருமண வயதை வரையறுத்தது. பதினொரு வயதில் மணமாகி வாழ்விழந்த சிறுமி, வளர்ந்து நின்று, அத்தகைய திருமணம் வேண்டாம் என்று நாட்டின் முன் எடுத்துரைத்த காட்சியை எண்ணுங்கள்.

எல்லைகளும் விரிவும்

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாரதா இல்லம் தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களுக்கென்றே அமைந்தது. ஆசாரங்களைக் கடைப்பிடிக்காவிடில் எந்தப் பெற்றோரும் மகளை அங்கு அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது அன்றைய நிலை. அதற்காக அந்த எல்லையை நாம் சரியென்று சொல்லிவிட முடியாது. சாதிச் சுவர்கள் எத்துணை நல்லவரின் முற்றத்தையும் குறுக்கிவிடும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம். நம் கல்லறைத் தோட்டங்களிலும் சப்பர ஊர்வலங்களிலும்கூடச் சாதி பார்த்த நாம், இதைப் படித்துப் பிறரைப் பழிக்க உரிமை உடையவர்கள் அல்லோம்.

ஆயினும் அவருடைய பணி அந்த எல்லைக்குள் நின்றுவிடவில்லை என்பதை வரலாறு காட்டுகிறது. சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் 1920-களில் சாரதா வித்தியாலயம் என்ற உயர்நிலைப் பள்ளியும் விடுதியும் எழுந்தன. பின்னர் அப்பள்ளியை இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். தாம் வளர்த்த நிறுவனத்தைத் தம் சொத்தாகக் கருதாமல் பிறர் கையில் விட்டுச் செல்வதும் தலைமையின் ஓர் அழகு.

பணி ஓய்வும் அவரை ஓயச் செய்யவில்லை. 1942-இல், உரிய வயதில் படிக்க வாய்ப்பில்லாமற்போன பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூக நல மையம் அமையக் காரணமானார். 1956-இல் மயிலாப்பூர் மாதர் கழகத்தின் தலைவராக இருந்து அவர் உருவாக்கிய பள்ளிக் கழகமே இன்று வித்யா மந்திர் பள்ளியாக விளங்குகிறது. அப்போது அவருக்கு எழுபது வயது.

1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 1958-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. 1969-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசி அன்று, எண்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

நம் வீடுகளில்

அன்பர்களே, காலம் மாறிவிட்டது என்போம். ஓரளவு மாறியது உண்மை. பெண்ணின் திருமண வயது 1978-இல் பதினெட்டாக உயர்ந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தை மணத்தை நடத்தி வைப்போரையும் தண்டிக்கிறது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தோன்றிய பின், பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் இப்பகுதிக்கு வந்து குடியேறின. இன்று காலை வேளையில் நம் பேருந்து நிறுத்தங்களில் நின்று பார்த்தால், சாப்பாட்டுப் பையும் அடையாள அட்டையுமாக வேலைக்கு விரையும் பெண்களே மிகுதி.

ஆனால் ஒரு வீட்டில் இளம் கணவன் இறந்துவிட்டால் நாம் பேசும் பேச்சைச் சற்றுக் கேட்டுப் பாருங்கள். புதுமனை புகுவிழாவில் அவள் பின்னால் நிற்கிறாள். தன் தங்கையின் மஞ்சள் நீராட்டில் தட்டைத் தொடத் தயங்குகிறாள். தேவாலயத்தில் முன்வரிசையில் அமர்ந்தவள் கடைசி வரிசைக்குப் போகிறாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. யாரும் அவளை முன்னே வா என்று அழைக்கவும் இல்லை. மூலை இன்னும் இருக்கிறது. அதற்குச் சுவர் மட்டும் இல்லை.

சுப்பலட்சுமி அம்மையாரின் வாழ்வு நமக்குச் சொல்லுவது மிக எளிய செய்தி. துயருற்ற பெண்ணுக்கு ஆறுதல் சொல்லுவது நன்று. அதோடு நிறுத்திவிடாமல், தங்க ஓர் இடமும், கற்க ஒரு பாடமும், செய்ய ஒரு தொழிலும், மதிப்போடு அழைக்க ஒரு பெயரும் கொடுக்க வேண்டும். அவர் செய்ததெல்லாம் இதுவே. அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது முதலில் ஒரு தந்தை, ஒரு தாய், ஒரு சித்தி.

அந்த இளம் பெண் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்று இந்த வரலாற்றைக் கேட்டு முடித்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய தாய்தான் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "சாமி, புள்ளைய நான் பாத்துக்கிறேன். இவ படிச்சு முடிக்கட்டும்" என்றார். இட்லி மாவு அரைத்து விற்று வாழ்ந்த தாய் அவர். உறவினர் பலவாறு பேசினர். அந்த அம்மாள் கேட்டுக்கொள்ளவில்லை.

மகள் விட்ட படிப்பை அஞ்சல் வழியில் முடித்தார். பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். இன்று ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு கற்பிக்கிறார். சென்ற ஆண்டு ஆசிரியர் நாளன்று அவ்வழியே சென்றபோது, பள்ளி வாயிலில் அவரைப் பிள்ளைகள் சூழ்ந்து நின்றதைக் கண்டேன். அவர் கையில் ஒரு ரோஜாப் பூ இருந்தது. ஒரு சிறுமி அதை அவர் கூந்தலில் சூட்டிவிட எம்பிக்கொண்டிருந்தாள். அவரும் தலையைத் தாழ்த்திக் கொடுத்தார்.